டோலியில் மலையேறியவர்

என் வீட்டுக்காரர் சினிமாவில் நடித்ததற்குக் காரணம் என் மூத்த மகள்தான். அவள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. என் வயிற்றில் ஏழு மாதக் குழந்தையாக இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷனுக்குச் சில விலக்குகள் உண்டு. முடி வெட்டக்கூடாது, முகம் மழிக்கக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, கடலில் குளிக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகுதான் தாடியை எடுப்பார்கள். அதனால் தென்காசித் தெருவில் ஒரு இளவட்டம் தாடியும் சடையுமாக எதிரே வந்தால், வீட்டில் விசேஷம் என்று யாரும் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அந்த முடி கொஞ்சம் தாராளமாகவே வளர்ந்தது. சுருட்டை முடி தோளில் புரண்டது. தாடி நெஞ்சைத் தொட்டது. அவர் ரயிலடியில் குதிரைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சீசனுக்கு வந்து இறங்குகிறவர்களைக் குற்றாலத்தில் கொண்டுபோய் விடுவதும், குளித்து முடித்தவர்களைத் திரும்ப ரயிலேற்றி விடுவதும் தொழில். ஆள் கறுப்பு, ஒல்லி. வண்டியில் உட்கார மாட்டார், நின்றுகொண்டே ஓட்டுவார். "உக்காந்து ஓட்டினா கிரீடம் இறங்கிருமோ?" என்று நான் கேட்காத நாள் கிடையாது.

ஆனிக் கடைசியில், சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட சமயம், மதராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியது. படம் பேசத் தொடங்காத காலம் அது. பெட்டிகள், பலகைகள், படம் பிடிக்கிற பெட்டியை நிறுத்தும் மரக்கால்கள், ஒரு மூட்டை நிறைய மரக்கத்திகள். அத்தனையையும் இவருடைய வண்டி நாலைந்து நடையாகக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனது. கடைசி நடையில் டைரக்டர் முன்பக்கம் வந்து உட்கார்ந்தாராம். கொஞ்ச நேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று தாடியைப் பிடித்து இழுத்தாராம்.

"சொந்தத் தாடியா?"

"சொந்தந்தான் ஐயா. பொண்டாட்டி முழுகாம இருக்கா, அதான்."

அந்த ஐயாவுக்கு அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. ஆனால் தாடி சொந்தம் என்பது புரிந்துவிட்டது. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அவர்கள் எடுக்க வந்தது ஒரு சண்டைப் படம். ஒரே கதையைப் பல பாகங்களாக எடுத்து வாரம் ஒரு பாகமாகக் காட்டுவது. அரண்மனையை விட்டு ஓடிவந்து காட்டில் கொள்ளைக்காரன் வேஷத்தில் திரிகிற இளவரசன்தான் கதாநாயகன். மதராஸிலிருந்து வந்த கதாநாயகனுக்கு ஒட்டுத்தாடியும் டோப்பா முடியும். வெயிலில் நின்று மீசையை முறுக்குவதற்கு அது போதும். தண்ணீரில் இறங்கினால் பசை கரைந்து தாடி தனியாக மிதக்கும். தவிரவும் அவருக்கு நீச்சல் தெரியாது. தூரத்தில் ஓடவும், குதிரையேறவும், குதிக்கவும் அவரைப் போல ஒருவர் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வாயெல்லாம் பல்லாக இதையெல்லாம் சொன்னார். "ஒவ்வொரு பாகமும் முடியும்போது கதாநாயகன் சாகப்போற எடத்துல நிப்பாட்டிருவாகளாம். ஜனங்க அடுத்த வாரம் ஓடி வரணும்லா?"

"சாகப்போற எடத்துல நிக்கது ஆரு? அவுகளா, நீங்களா?" என்றேன்.

அவர் கை கழுவப் போய்விட்டார்.

முதல் சில நாட்கள் எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தன. சிற்றாற்றங்கரையில் நம்முடைய குதிரைமேலேயே நாலு வேஷக்காரர்கள் துரத்த ஓடினார். மண்டபத்துச் சுவரில் ஏறிக் குதித்தார். அன்றாடம் சாயங்காலம் வந்து, யார் விழுந்தார், யாருக்கு வேட்டி அவிழ்ந்தது என்று நடித்துக் காட்டுவார். அவருடைய அம்மா, என் அத்தை, அடுப்படியில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரிப்பாள். கதாநாயகன் மேலே போடுகிற சிவப்பு வெல்வெட் மேலங்கி ஒன்றை ஒருநாள் வீட்டுக்கே கொண்டுவந்தார். கழுத்தில் ஜரிகை தைத்தது. சேறு பட்டிருந்தது, கசக்கிக் கொடுக்கச் சொன்னார். நனைத்த பிறகு அதைத் தூக்கிப் பிழிய முடியாமல் நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினோம். அம்மிக்கல் கனம் கனத்தது.

அதைக் காயப்போட்ட அன்றுதான் அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வராமல், செண்பகாதேவிக்குப் போகவேண்டியிருக்கிறது என்று சொன்னார்.

செண்பகாதேவி அருவி பேரருவிக்கு மேலே, மலைக்குள் இருக்கிறது. ஏறித்தான் போகவேண்டும். அங்கே விழுகிற தண்ணீர்தான் பாறைகளுக்கிடையே ஓடிவந்து பேரருவியாக விழுகிறது. அந்த அருவிக்குப் பக்கத்துப் பாறையில் இளவரசனைப் பகைவர்கள் மடக்கிவிடுவார்களாம். வேறு வழியில்லாமல் அவன் கீழே இருக்கிற கசத்தில், ஆழமான மடுவில், குதிப்பானாம். அந்தப் பாகம் அங்கே முடியுமாம்.

அத்தைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "மலையா? ஏலே, உம் பொண்டாட்டிய நெனச்சியா, அவ வயித்துல இருக்கத நெனச்சியா? மலை ஏறப்படாதுல்லா!"

"ஏறலம்மா. டோலில தூக்கிட்டுப் போவாக."

அப்போதெல்லாம் நடக்க முடியாத பெரிய மனிதர்கள், நாற்காலியை மூங்கிலில் கட்டி ஆட்கள் தூக்கிச் செல்ல மேலே போவார்கள். அதுதான் டோலி. இவர் விலக்கைப் பற்றிச் சொன்னதும் டைரக்டர் முதலில் சம்பளம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு ஒருவழியாகப் புரிந்துகொண்டு, "நடந்துதானே ஏறக்கூடாது?" என்று கேட்டாராம். இவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டுவிட்டது.

அத்தை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தெருவில் நாலு வீட்டில் கேட்டாள். அன்று பூராவும் எங்கள் தெருவில் இதே பேச்சுதான். டோலியில் போனால் ஏறினதாகுமா, ஆகாதா? எதிர்வீட்டு அண்ணாச்சி, ஏறுகிறது தூக்குகிறவன் கால்தானே என்றார். இன்னொருத்தி, மேலே போய் இறங்கினதும் மலைமேல் கால் படுமே என்றாள். அது நிற்கிறது, ஏறுகிறது இல்லை என்று அதற்கும் பதில் வந்தது. கடைசியில் ஒருவர், பல்லக்கில் போகிற சாமியை நடந்து போகிறது என்றா சொல்லுகிறோம் என்று ஒரு போடு போட்டார். அதோடு தீர்ந்தது. அத்தைக்கு மனசு நிம்மதியாகிவிட்டது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர்கள் எல்லாருக்கும் பைத்தியமா, அல்லது எனக்குத்தானா என்று இருந்தது.

"அத்தே, மலைய விடுங்க. குதிக்காகளே, அதுக்கு என்ன சொல்லுதீய?"

அத்தை என்னைப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "குதிக்கப்படாதுன்னு நம்மள்ல இல்லையே ஏட்டி" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. மகன்மேல் உயிரை வைத்திருந்தவள். ஆனால் என்னென்ன கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களோ அதிலெல்லாம் சரியாக இருந்துவிட்டால் மற்றதைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள். மலையைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்கள். கடலைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்கள். சாரல் காலத்தில் வெல்வெட் அங்கியோடு அருவியில் ஒருவன் குதிப்பான் என்று எந்தப் பெரியவருக்கும் தோன்றியிருக்காது.

அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நான் சண்டை போட்டேன். கையில் இருந்த அகப்பையை வீசியும் எறிந்தேன், சுவரில்தான் பட்டது. "ஒத்துக்கிட்டேன், இப்ப மாட்டேன்னா சிரிப்பாக" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும் என்றேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரயிலடியில நான்தான் எல்லாருக்கும் காத்துக் கெடக்கேன். அங்கன நான் வந்தாத்தான் படம் புடிக்கிற பெட்டியத் திருப்புதாக. எல்லாரும் எனக்குக் காத்துக் கெடக்காக."

அவருடைய ஆசை எனக்குப் புரிந்தது. புரிந்ததனாலேயே இன்னும் பயமாக இருந்தது. அந்த அங்கியை மட்டுமாவது போடாதீர்கள், நனைந்தால் இழுக்கும் என்றேன். கதாநாயகன் அதைப் போட்டுக்கொண்டுதான் பாறையில் நிற்கிறாராம், குதிக்கிறபோது இல்லாவிட்டால் படத்தில் இடிக்கும் என்றார்.

சூரியன் தெரிகிற நாளுக்காகச் சில நாள் காத்திருந்தார்கள். வெளிச்சம் இல்லாமல் படம் விழாதாம். சாரல் விடவில்லை. தினமும் காலையில் நான் கொல்லைப்புறம் போய் மலையைப் பார்ப்பேன். மேகம் மூடியிருந்தால் அன்று சோறு இறங்கும். ஒருநாள் விடிந்தபோது மலை கழுவி வைத்ததுபோலத் தெரிந்தது. வயிற்றில் குழந்தை ஒரு உதை விட்டது.

அவர் கிளம்பினார். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருக்கிறேன் என்றேன். அவர் வண்டி தெரு திரும்பியதும் புடவையை மாற்றிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தேன். அங்கே இருந்த அவருடைய கூட்டாளியிடம், "அண்ணே, என்னக் குத்தாலத்துல விடுங்க. மாட்டேன்னியள்னா நடந்து போவேன்" என்றேன். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் வண்டியைப் பூட்டினார்.

மேலே ஏற எனக்கு வழியில்லை. பேரருவிக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், துவைக்கிறவர்கள், ஈரத்தலையோடு வடை தின்கிறவர்கள். அருவியின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எது விழுந்தாலும் இங்கேதான் வரவேண்டும் என்று, உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனாலும் அங்கேயே இருந்தேன்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் மலைமேல் ஒரு பக்கம் மட்டும் கறுத்தது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அருவியின் இரைச்சல் மாறியது. ஒரு சுள்ளி வந்து விழுந்தது. பிறகு இலைச் சருகுகள். வெள்ளையாக விழுந்த தண்ணீர் ஓரங்களில் செம்மண் நிறமாகியது. வழக்கமாகக் குளிக்கிறவர்கள் மளமளவென்று வெளியே வந்தார்கள். தெரியாதவர்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். "மேல மழை! வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று சத்தம். நான் பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம், "குதிச்சிருப்பாகளா, இன்னும் இல்லையா?" என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? "வெள்ளத்துல குதிக்க விடமாட்டாக தங்கச்சி" என்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் அது வந்தது. அருவியின் மேல் விளிம்பில் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு கணம் பாறையில் மாட்டிக்கொண்டு ஆடியது. பிறகு தண்ணீரோடு சேர்ந்து கீழே வந்து விழுந்தது. கூட்டத்தில் யாரோ அதைக் கம்பால் இழுத்துக் கரையில் போட்டார்கள். ஜரிகை வைத்த வெல்வெட் அங்கி. நான் கையால் முறுக்கிப் பிழிந்த அங்கி.

நான் கத்தினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. என் கண் மறுபடியும் அந்த விளிம்புக்கே போனது நினைவிருக்கிறது. அங்கி வந்துவிட்டது, அடுத்து என்ன வரும்? ஒவ்வொரு கறுப்புக் கட்டையையும் பார்த்தேன். வேர் நாரோடு ஒரு மரத்தூர் வந்தது. அது சுழன்று வந்தபோது அவருடைய தலைமுடி என்றே நினைத்து என் கையை நானே கடித்துக்கொண்டேன். யார் யாரோ பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் நெற்றியில் தண்ணீர் தடவினாள். ஒருத்தி, முகம் தெரியாதவள், அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

மலைப்பாதையில் டோலி தெரிந்தது. ஆட்கள் மெதுவாக, அடி பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் ஒரு உடம்பு சாய்ந்திருந்தது. தலையையும் சேர்த்துப் போர்வையால் மூடியிருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. நான் எழுந்தேன். எழுந்து இரண்டு பேரைத் தள்ளிவிட்டு ஓடினேன். கிட்டே போனதும் அந்தப் பாதங்களைப் பார்த்தேன். சிவத்த பாதங்கள். செருப்பில்லாமல் நடந்தறியாத பாதங்கள். என் வீட்டுக்காரர் கறுப்பு.

அது கதாநாயகன். வெள்ளம் வந்ததைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்து, டோலியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால், இடுப்பில் ஈர வேட்டியும் தாடியில் சொட்டுகிற தண்ணீருமாக இவர் நடந்து வந்தார்.

நான் அடித்தேன். தோளில், நெஞ்சில், கைக்கு எட்டின இடத்திலெல்லாம் அடித்தேன். சினிமாக்காரர்களும் குளிக்க வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல ஏட்டி, வண்டில இருந்து குதிக்காப்பலதான்" என்றார். "வெள்ளம் வருமுன்னயே குதிச்சாச்சு. அங்கி கழண்டு போச்சு, அவ்வளவுதான்." சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு எரிச்சலைத் தந்ததோ அவ்வளவு ஆறுதலாகவும் இருந்தது. நடந்தா இறங்கினீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "ஏறத்தான் படாது. எறங்கலாம்லா?" என்றார்.

வீட்டில் அத்தை அதையேதான் முதலில் கேட்டாள். கால் படாமல்தானே ஏறினாய்? படாமல்தான் ஏறினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவர் தாடியை எடுத்தார். உள்ளே இருந்து வேறு யாரோ ஒரு பையன் வந்து நின்றதுபோல இருந்தது. சினிமாவைப் பற்றி அவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நடித்துக் காட்டுகிறதும் நின்றுபோனது. பிள்ளை வந்துவிட்டால் ஆண்களுக்கு விளையாட்டுப் போய்விடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தை அறுவடை முடிந்து, காய்ந்த வயலில் கொட்டகை போட்டார்கள். படம் வந்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை புதுப் பாகம். இவருடைய வண்டியிலேயே தட்டி கட்டி, கொட்டு அடித்து, ஊரெல்லாம் நோட்டீஸ் போட்டார்கள். இவர் வண்டியை ஓட்டினாரே தவிர ஒருநாளும் கொட்டகைக்குள் வரவில்லை. குதிரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பார். நானும் அத்தையும்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கத்து மணலில் உட்காருவோம்.

படத்தில் பேச்சு கிடையாதாகையால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதை சொல்லுவார். குதிரையில் போகிறவன் தூரத்தில் திரும்புகிறபோதெல்லாம் அந்தக் கதை சொல்லுகிறவர், "அதோ, நமது வீர இளவரசன்!" என்பார். ஜனங்கள், "நம்ம ரயிலடி வண்டி லே!" என்று கத்துவார்கள். அவருக்குக் கோபம் வரும். எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

செண்பகாதேவிப் பாகம் வந்தது. கதாநாயகன் பாறையில் நின்று மீசையை முறுக்கினார், வாளை உயர்த்தினார். அது கிட்டத்தில் எடுத்த படம். பிறகு பெட்டியைத் தூரத்தில் வைத்து எடுத்தது வந்தது. பாறை, அருவி, நுனியில் அங்கி போட்ட ஒரு சிறிய உருவம். அது என் வீட்டுக்காரர் என்று நிற்கிற நிலையிலேயே எனக்குத் தெரிந்தது.

நுனிக்கு வந்தார். கீழே பார்த்தார். பின்வாங்கினார்.

"பகைவரை எதிர்த்துத் திரும்புகிறார்!" என்றார் கதை சொல்லுகிறவர்.

மறுபடியும் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய முழங்கால்கள் ஆடின. அவ்வளவு தூரத்திலிருந்தும் ஆடியது தெரிந்தது. "கோபத்தால் துடிக்கிறார்!" என்று குரல் கேட்டது. கொட்டகை கை தட்டியது. கோபமா? என் புருஷனை எனக்குத் தெரியாதா? அவர் மறுபடியும் பின்வாங்கினார். பக்கவாட்டில், படத்துக்குள் வராத யாரையோ பார்த்துத் தலையாட்டினார். முகத்தைக் கையால் துடைத்தார். நான் பிள்ளையை இறுக்கியதில் அது அழத் தொடங்கியது.

ஓடிவந்து குதித்தார். அங்கி மேலே விரிந்தது. தண்ணீர் அவரை மூடிக்கொண்டது. வெறும் தண்ணீர். இன்னும் தண்ணீர். தலை வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து வந்துவிட்டது: அடுத்த வாரம் காண்க.

ஊருக்கு அந்த வாரம் அதுதான் பேச்சு. பிழைப்பானா, மாட்டானா? இவரிடமே வந்து கேட்டவர்கள் உண்டு. அத்தையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். மகனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "அவ்வளவு ஆழத்துல விழுந்தானே, எப்படி வருவானோ" என்று பெருமூச்சு விடுவாள். "எம்மா, நான் இங்கன உக்காந்து திங்கேன்லா" என்று அவர் சொன்னால், "நீ இருக்க எய்யா, அவன் என்ன ஆனான்?" என்பாள். நான் அவளைக் கேலி செய்தேன். ஆனால் அந்த வாரம் எனக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த சனிக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. படம் தொடங்கியதும் முதல் காட்சியிலேயே இளவரசன் அக்கரையில் நடந்து வந்தார். மதராஸ் கதாநாயகன். தலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கொட்டகை விசில் அடித்து ஓய்ந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் பார்க்க வந்தது தண்ணீரிலிருந்து அவர் எழுந்து வருவதை. அதை யாரும் படம் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து வெட்டிப் போட்டுவிட்டார்கள்.

படம் முடிந்து வெளியே வந்தோம். அவர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அத்தையைக் கைகொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டார். நான் ஏறவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் அவரிடம் போனேன்.

"எப்படி வெளிய வந்தீய?"

அவர் புல்லைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"வண்டில இருந்து குதிக்காப்பலன்னு சொன்னியளே. முட்டு ஆடினத நான் பாத்தேன். எப்படி வெளிய வந்தீய?"

"நான் வரல" என்றார். "இடுப்புல கயிறு கட்டியிருந்தாக. டோலிக்காரக இழுத்துப் போட்டாக. அங்கி முகத்துல சுத்திக்கிட்டு. பாறைக்கு அடியில கொண்டுபோயிட்டு. எது மேல, எது கீழன்னு தெரியல."

அவர் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. கொட்டகைக் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. போகிறவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள்.

"வெளிய கெடந்தப்புறம் ஒண்ணு நெனச்சேன், ஏட்டி. அடியில இருந்தப்ப உன் நெனப்பு வரல. பிள்ளை நெனப்பும் வரல. அம்மா நெனப்பும் இல்ல. மூச்சு மட்டும் வேண்டியிருந்துது. வேற ஒண்ணும் வேண்டியிருக்கல. அத உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

இத்தனை மாதமும் அவரை ஊமையாக்கி வைத்திருந்தது இதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. நான் எப்போதும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிறவள். அன்று கண்ணீர்தான் வந்தது. பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அதன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டார். குதிரை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நின்று புல்லை மென்றுகொண்டிருந்தது.

வண்டிக்குள்ளிருந்து அத்தை தலையை நீட்டினாள். அவள் முகத்தில் அந்த வாரம் முழுக்க இல்லாத தெளிவு இருந்தது.

"இன்னும் அங்கன என்ன பேச்சு? அதான் அக்கரையில நல்லபடியா நடந்து வந்துட்டான்லா, நான் என் கண்ணால பாத்தேன். வண்டிய விடு லே, பிள்ளைக்குக் குளுருது."

அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்தார். ஏறி, அன்றைக்கு உட்கார்ந்துகொண்டு, வண்டியை விட்டார்.